கருப்பு வெள்ளை அச்சுக்கு எந்தக் கருவி: அடர்த்திமானியா, ஸ்பெக்ட்ரோவா?

ஜூன் 8

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

"அண்ணா, எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களின் பழைய படங்களைத் திரட்டிப் பெரிதாக அச்சிட்டுக் கண்காட்சி வைக்கப் போகிறோம். எல்லாமே கருப்பு வெள்ளை. பிரிண்டர் எப்சன் பி-600, பழையது. திரையைச் சரிசெய்ய ஒரு ஸ்பைடர் வைத்திருக்கிறேன். இருந்தும் நிழற்பகுதி அடைத்துக்கொண்டு வருகிறது. பாட்டியின் கல்யாணப் படத்தில் பட்டுப்புடவையும் கூந்தலும் ஒரே கருப்பாகிவிட்டன. சாம்பல் நிறத்தில் பச்சை தட்டுகிறது. பாங்காக்கில் ஒருவர் எக்ஸ்-ரைட் 400 வரிசை அடர்த்திமானியை (அச்சின் கருமையை அளக்கும் டென்சிட்டோமீட்டரை) மலிவாகத் தருகிறேன் என்கிறார். வண்ணமே இல்லாத படத்துக்கு வண்ணம் அளக்கும் கருவி எதற்கு? அடர்த்திமானியே போதும் என்பது என் கட்சி. இல்லையென்றால் ஸ்பைடரையே அச்சின் மேல் வைத்து அளந்துவிட முடியாதா?"

ஜூன் 8, இரவு

ஸ்பைடரை முதலில் ஒதுக்கிவிடலாம். திரைக்கான கலரிமீட்டருக்குச் சொந்த விளக்கு கிடையாது; திரை வீசும் ஒளியை மட்டும் படிக்கும். காகிதத்துக்கு ஒளி இல்லை. அதன் மேல் ஒளியை விழவைத்து, எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால்தான் அளவு. அச்சுக்கான கருவிகளில் விளக்கின் ஒளி 45 பாகைச் சரிவில் விழும், உணரி நேர் மேலே இருந்து பார்க்கும். பளபளப்பு உணரியின் கண்ணில் பட்டுவிடாமல் இருக்கத்தான் இந்தச் சரிவு. ஸ்பைடர்பிரிண்ட் என்று அச்சுக்கான கருவி ஒன்றும் அதே நிறுவனத்திடமிருந்து வந்தது. பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

அடர்த்திமானி விஷயத்தில் தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கருப்பு எவ்வளவு ஆழம், வெள்ளையிலிருந்து கருப்பு வரை சாம்பல் படிகள் ஒழுங்காக இறங்குகின்றனவா என்பதை அது சொல்லிவிடும். மறு பாதியை ஒரு கணக்கோடு சொல்கிறேன்.

அடர்த்தி என்பது மடக்கைக் கணக்கு. விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கு திரும்பினால் 1.0, நூறில் ஒரு பங்கு திரும்பினால் 2.0. எல் மதிப்பு என்பது 1976இல் வகுத்த லாப் அளவுமுறையில் வருவது. 0 முழுக் கருப்பு, 100 முழு வெள்ளை, இடைவெளிகள் கண் உணர்வதற்கு ஏறக்குறைய ஒத்துப்போகும். அடர்த்திமானி இரண்டு தசம இடம் காட்டும். நிழலில் அது தாராளம். 1.60க்கும் 1.61க்கும் இடையே எல் மதிப்பில் கால் புள்ளிதான் வித்தியாசம். வெளிச்சப் பகுதிக்கு வாருங்கள். 0.05க்கும் 0.06க்கும் இடையே எல் மதிப்பில் 0.85 போய்விடுகிறது. கருவி ஒரு துளி அசைவதற்குள் கண் ஒரு முழு படியைத் தாண்டிவிடும்.

நம் பழைய படங்களில் உயிர் எங்கே இருக்கிறது? வேட்டி மடிப்பில், சட்டைக் கழுத்தில், மாலையின் மல்லிகையில், நெற்றி விபூதியில். எல்லாமே வெளிச்சப் பகுதி. அங்கேதான் இரண்டு தசம இடம் கைகொடுக்காமல் போகிறது.

அடுத்தது அந்தப் பச்சை. அடர்த்திமானி அதைப் பற்றி வாய் திறக்காது. ஸ்பெக்ட்ரோ, அதாவது ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், எல் மதிப்போடு ஏ, பி என்று இரண்டு எண்களும் தரும். ஏ கழித்தலில் போனால் பச்சை, கூட்டலில் போனால் மெஜந்தா. பி கழித்தலில் நீலம், கூட்டலில் மஞ்சள். வண்ணப் படத்தில் இரண்டு புள்ளி நகர்ந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. சாம்பலில் இரண்டு புள்ளி நகர்ந்தால் பக்கத்துப் படத்தோடு மாட்டியவுடனே தெரிந்துவிடும். வண்ணம் இல்லாத படத்துக்குத்தான் வண்ணம் அளக்கும் கருவி அதிகம் தேவை என்கிறேன்.

ஜூன் 9, காலை

எதையும் வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். எப்சனின் அட்வான்ஸ்டு பிளாக் அண்டு ஒயிட் முறையில் அச்சிடுகிறீர்கள் என்றால், அந்தப் பலகையில் டோன் என்ற இடத்தில் தொடக்க அமைப்பே 'டார்க்கர்' என்றுதான் இருக்கும். அதை 'நார்மல்' ஆக்கி அதே படத்தை ஒரு சிறு தாளில் அச்சிடுங்கள். புடவைக்கும் கூந்தலுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி திறக்கும். முழுக் கோளாறும் இதனால் தீராது. ஆனாலும் செலவில்லாத முதல் படி.

ஜூன் 9, மதியம்

'நார்மல்' ஆக்கியதும் நிழல் திறந்தது, பச்சை அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். எதிர்பார்த்ததுதான். அந்த முறை எப்சனின் சொந்தக் காகிதங்களை மனத்தில் வைத்துச் செய்தது. வேறு காகிதம் மையை வேறு விதமாக வாங்கிக்கொள்ளும்.

ஜூன் 11

யாங்கோனிலேயே அச்சுத் தொழிலில் இருக்கும் ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார்: வண்ண அடர்த்திமானிகள் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகவும் அளக்கும், மூன்றும் ஒரே எண் காட்டினால் சாம்பல் நடுநிலை என்று அறிந்துகொள்ளலாமே என்று.

சரியான திருத்தம். 8ஆம் தேதி 'வாய் திறக்காது' என்று எழுதியதைக் குறுக்கிக்கொள்கிறேன். வாய் திறக்கும், அரைகுறையாக. அந்த வடிகட்டிகள் அச்சகத்து மைகளுக்கோ புகைப்படத் தாளின் சாயங்களுக்கோ என்று வரையறுத்தவை. பட்டை பட்டையாக மூன்று இடங்களில் மட்டும் எட்டிப் பார்க்கும். நம் பிரிண்டரில் இருப்பது கார்பன் கருப்பு, அதன் பழுப்பை அடக்கச் சேர்த்த கொஞ்சம் நீலமும் மெஜந்தாவும். மூன்று வடிகட்டியும் சமம் காட்டும்போதே கண்ணுக்கு லேசான சாயல் தெரியக்கூடும். ஏதோ கோணல் இருக்கிறது என்று எச்சரிக்க அது போதும். எந்தப் பக்கம் எவ்வளவு திருத்துவது என்று கணக்கிட ஸ்பெக்ட்ரோதான் வேண்டும்.

அவரிடம் ஏற்கெனவே அந்தக் கருவி இருக்கிறது, அதனால் வைத்துக்கொள்ளட்டும். இல்லாதவர் புதிதாக வாங்கப் பணம் போட வேண்டாம்.

ஜூன் 14

எந்த ஸ்பெக்ட்ரோ என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. சந்தையில் நம் கைக்கு எட்டக்கூடியவை இரண்டு குடும்பங்கள். முதலாவது ஐ-ஒன் ப்ரோ. கிரெடாக்-மாக்பெத் செய்தது; 2006இல் எக்ஸ்-ரைட் அந்த நிறுவனத்தை வாங்கியது. இரண்டாம் பதிப்பு 2012, மூன்றாவது 2019. மற்றது கலர்மங்கி போட்டோ, 2008. அது பின்னால் ஐ-ஒன் ஸ்டூடியோ ஆனது. 2021க்குப் பிறகு காலிபிரைட் என்ற பெயரில் வந்தது. உள்ளே இருக்கும் கருவி ஏறக்குறைய அதேதான்.

கலர்மங்கி குறைந்த விலை, உருண்டையாக இருக்கும், சக்கரத்தைத் திருப்பி அளக்க வேண்டும். விளக்கு எல்.இ.டி. அளக்கும் கட்டங்கள் பெரிதாக இருக்க வேண்டும் என்பதால் ஒரே படிப்பட்டைக்கு (சாம்பல் படிகளைக் கட்டம் கட்டமாக அச்சிட்ட சோதனைத் தாளுக்கு) அதிகக் காகிதம் போகும். ஐ-ஒன் ப்ரோவில் டங்ஸ்டன் விளக்கு (முதல் இரண்டு பதிப்புகளில்), 4.5 மில்லிமீட்டர் துளை, அடிமட்டத்தோடு வரிசையாக இழுத்துப் படிக்கும் வசதி. கட்டத்துக்குக் கட்டம் வைத்து அழுத்தியும் படிக்கலாம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஐ-ஒன் ப்ரோவின் தொழிற்சாலை விவரத்தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒரே கருவி ஒரே வெள்ளையைத் திரும்பத் திரும்ப அளந்தால் வரும் வேறுபாடு 0.1 டெல்டா-ஈ (இரண்டு நிறங்களுக்கு இடையே உள்ள தூரத்தின் அளவு). ஒரு கருவிக்கும் இன்னொரு கருவிக்கும் இடையே சராசரி 0.4, அதிகபட்சம் 1.0. புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டாவது எண்ணைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். உலகத்தில் வேறு யாரோ வைத்திருக்கும் கருவியோடு என் கருவி ஒத்துப்போனால் எனக்கு என்ன, போகாவிட்டால் என்ன? எனக்கு வேண்டியது இன்று படித்ததையே நாளையும் படிக்கும் கருவி. கருப்பு வெள்ளையில் படிகளைச் சமன்படுத்துவது முழுக்க முழுக்க ஒப்பீட்டு வேலை. முழுக் கருப்புக்கும் காகித வெள்ளைக்கும் இடையே சம இடைவெளியில் படிகளை அமைக்கிறோம். எல்லாப் படிகளையும் அதே கருவி அரைப் புள்ளி கூடுதலாகப் படித்தாலும் வளைவு, அதாவது எந்தச் சாம்பலுக்கு எவ்வளவு மை என்று பிரிண்டருக்குச் சொல்லும் கணக்கு, கெடாது. கருவி நிலையில்லாமல் ஆடினால்தான் கெடும்.

ஆகவே பழைய கருவியாக இருந்தாலும் ஆடாத கருவியே முதல் தகுதி. புதிய பதிப்பு, பெரிய பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

அந்த ஆட்டம் எங்கே தெரியும் என்றால் இருட்டில். பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் நல்ல கருப்பு எல் மதிப்பு 16 வாக்கில் நிற்கும், அடர்த்தியில் ஏறக்குறைய 1.68. பளபளப்புள்ள பரைட்டா காகிதத்தில் 4 வரை இறங்கும், அடர்த்தி 2.35. அங்கே திரும்பி வரும் ஒளி நூறில் அரைப் பங்குகூட இல்லை. உணரி அந்தக் கொஞ்ச ஒளியை வைத்துக்கொண்டு எண் சொல்ல வேண்டும். மலிவான கருவி அங்கே 4.1, 4.6, 3.9 என்று தடுமாறும்.

கருப்பு வெள்ளை அச்சுக்காக ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் மென்பொருளில் வளைவு செய்கிறவர்களுக்கு இது நேரடித் தலைவலி. அது 21 கட்டங்களின் எல் மதிப்பைக் கேட்கும். எண்கள் ஒரே திசையில் நகர வேண்டும். 95 விழுக்காட்டு மைக் கட்டம் 16.2, 100 விழுக்காட்டுக் கட்டம் 16.4 என்று தலைகீழானால் ஏற்காது. அப்போது ஒரு கேள்வி: மை உண்மையிலேயே அதிகமாகித் திரும்பிவிட்டதா, கருவி ஆடுகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவது என்றால் மை வரம்பைக் குறைக்க வேண்டும். இரண்டாவது என்றால் அதே கட்டத்தைப் பல முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். கருவியை நம்ப முடியாதவன் இந்த இடத்தில் மையையும் காகிதத்தையும் மாற்றி மாற்றி அலைவான்.

ஜூன் 15

"21 கட்டம் போதுமா, 51 போடவா, 129 போடவா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

மேட் காகிதத்தில் வெள்ளை 96, கருப்பு 16 என்று வையுங்கள். இடையே 80 புள்ளி. 21 கட்டம் என்றால் படிக்கு 4 புள்ளி. 51 என்றால் 1.6. 129 என்றால் 0.6க்குக் கொஞ்சம் மேல். கருவி அரைப் புள்ளி ஆடினால் 21இல் ஒன்றும் தெரியாது. 129இல் ஒவ்வொரு படியும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். ஆட்டத்தையே வளைவில் பதித்துவிடுவீர்கள், அது முகத்தின் கன்னத்தில் பட்டையாகத் தெரியும். கண்காட்சிக்கு 21 போதும். கருவி அமைதியானது என்று உறுதியான பிறகு 51க்குப் போகலாம்.

ஜூன் 22

மழை பிடித்துவிட்டது. சுவரே வியர்க்கிறது. இந்த ஊரில் அளவைப் பற்றி எழுதுகிறவன் ஈரத்தைப் பற்றி எழுதாமல் தப்ப முடியாது.

அச்சு வெளியே வந்ததும் அளக்காதீர்கள். நிறமி மை காகிதத்தில் அமர நேரம் வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் எண்கள் நன்றாகவே நகரும். ஒரு நாள் விட்டு அளப்பது பொது வழக்கம். அந்த ஒரு நாள் என்பது உலர்ந்த ஊர்க்காரர்கள் சொன்ன கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் பட்டையைத் தட்டையாக, மேலே எதையும் மூடாமல், மின்விசிறிக் காற்று நேரே படாத இடத்தில் இரண்டு இரவு வைக்கிறேன். முழுக் கருப்புக் கட்டத்தை மாலையிலும் மறுநாள் காலையிலும் அளப்பேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் மற்றக் கட்டங்களைத் தொடுவேன்.

கருவியின் வெள்ளைத் தட்டு அதைவிட முக்கியம். ஐ-ஒன் ப்ரோ ஒவ்வொரு முறையும் தன் வெள்ளைத் தட்டைப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மழைக்காலக் காலையில் அந்தத் தட்டின் நழுவு மூடியைத் திறந்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். மூச்சுப் பட்ட கண்ணாடி போல ஒரு மெல்லிய படலம் சில நாள் தெரியும். அந்தப் படலத்தோடு சரிசெய்தால் அன்றைய எண்கள் அத்தனையும் சாயும். கருவியையும் தட்டையும் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்துங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்தவுடன் அளக்க வேண்டாம். தட்டு அறைச் சூட்டுக்கு வரட்டும். துடைப்பதானால் தூசி உதிராத உலர்ந்த மென்துணி மட்டும்.

ஜூன் 23

மின்சாரம் போனால் என்ன செய்வது என்று ஓர் அக்கா கேட்கிறார். அளக்கும் கருவிக்குக் கவலை இல்லை, மடிக்கணினியின் யு.எஸ்.பி.யிலேயே ஓடும். பிரிண்டர்தான் பாதி அச்சில் நிற்கும். படிப்பட்டையை மின்சாரம் உறுதியான நேரத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அளவை இருட்டு நேரத்தில் செய்யலாம். உண்மையில் அதற்கு அமைதியான நேரம் அதுதான்.

ஜூலை 2

பழைய கருவி வாங்குவதைப் பற்றி. தம்பி பாங்காக் அடர்த்திமானியை விட்டுவிட்டார். சிங்கப்பூரிலிருந்து ஒரு பழைய ஐ-ஒன் ப்ரோ வருகிறதாம், பணம் கொடுப்பதற்கு முன் என்ன பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்.

வெள்ளைத் தட்டின் தொடர் எண்ணும் கருவியின் தொடர் எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். தட்டு ஒவ்வொன்றும் அதனதன் கருவிக்கு என்று தொழிற்சாலையில் அளந்து ஜோடி சேர்த்தது. வேறு கருவியின் தட்டு வந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். முன்பு எனக்குத் தெரிந்த கடை ஒன்றில் இரண்டு கருவிகளின் தட்டுகளை மாற்றிப் போட்டு விற்றார்கள். வாங்கியவர் மாதக்கணக்கில் காகிதத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து, முதல் பதிப்பில் புற ஊதாவை வெட்டும் வடிகட்டி உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. இரண்டும் வேறு வேறு கருவிகள், பிறகு மாற்ற முடியாது. இரண்டாம் பதிப்பில் ஒரே கருவி இரு விதமாகவும் அளக்கும். விற்பவரிடம் எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது சோதனை கையோடு செய்யக்கூடியது. வெள்ளைக் காகிதத்தை அசைக்காமல் பத்து முறை அளக்கச் சொல்லுங்கள். பிறகு நல்ல கருப்புக் கட்டம் ஒன்றைப் பத்து முறை. எண்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளையில் 0.1, 0.2க்குள் நின்று, கருப்பில் அதற்குக் கொஞ்சம் மேல் ஆடினால் வாங்கலாம். ஒவ்வோர் அளவும் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால் விளக்கு சூடாகி நிலைகொள்ளவில்லை என்று பொருள். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப அளந்தும் ஏறினால் விட்டுவிடுங்கள்.

ஜூலை 3

மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை. கிரேம் கில் எழுதிய ஆர்கில் சி.எம்.எஸ். இலவசம். பழைய ஐ-ஒன் ப்ரோ, கலர்மங்கி, அதற்கும் முந்தைய ஸ்பெக்ட்ரோலினோ எல்லாவற்றையும் அது பேச வைக்கும். உற்பத்தியாளர் கைவிட்ட கருவிகளுக்கு அதுதான் மறுவாழ்வு. விண்டோஸில் அதன் சொந்த யு.எஸ்.பி. டிரைவரை நிறுவ வேண்டும். அதைச் செய்யாமல் 'கருவி தெரியவில்லை' என்று பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு கட்டமாக அளக்க ஸ்பாட்ரீட் என்ற கட்டளை போதும்.

அளக்கும்போது அச்சின் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் நிலையாக வையுங்கள். மெல்லிய காகிதம் என்றால் ஒளி ஊடுருவி மேசையில் பட்டுத் திரும்பும். தேக்கு மேசையில் ஒரு நாளும் வெள்ளைத் துணியில் மறுநாளும் அளந்தால் இரண்டு பதில் வரும். அதே காகிதத்தின் அச்சிடாத தாள்கள் நான்கைந்தை அடுக்கி அதன் மேல் வைத்து அளப்பது என் வழக்கம்.

ஜூலை 16

இந்தப் பேச்சு எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வருகிறேன்.

நம்மிடம் இருக்கும் படங்கள் எப்படி மிஞ்சின என்று யோசியுங்கள். 1941 டிசம்பரில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) மேல் குண்டு விழுந்தது. 1942இல் லட்சக்கணக்கானவர்கள் மலை தாண்டி நடந்தார்கள். எதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்? 1964இல் கடைகளும் வியாபாரமும் அரசுடைமை ஆனபோது கப்பல் ஏறியவர்கள் எதை விட்டுவிட்டுப் போனார்கள்? அந்த இரண்டு இடைவெளியையும் தாண்டி ஓர் அலமாரியில் மிஞ்சிய படம் ஒன்றை நாம் அச்சிடுகிறோம். அதன் சாம்பல் நிறத்தை நம் விருப்பத்துக்கு மாற்ற நமக்கு உரிமை இல்லை என்று நான் கருதுகிறேன். அந்தப் படத்தின் தொனியை முதலில் அளக்க வேண்டும். அளந்த தொனிக்கு அச்சைக் கொண்டுவர வேண்டும். இதற்கு ஏ, பி எண்கள் இல்லாமல் வழி கிடையாது.

1930களின் ஸ்டூடியோப் படங்கள் பெரும்பாலும் ஜெலட்டின் வெள்ளி அச்சுகள், பலவும் கந்தகத் தொனி ஏற்றிப் பழுப்பாக்கியவை. 19ஆம் நூற்றாண்டில் பிலிப் கிளியர் மோல்மேனிலும் ரங்கூனிலும் படம் எடுத்த காலம் முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் காகிதத்தின் காலம். ஆல்புமென் காலப்போக்கில் வெளிச்சப் பகுதியில் மஞ்சளாகும். ஆகவே நிழலில் ஒரு பி எண், வெளிச்சத்தில் அதைவிடப் பெரிய பி எண். ஒரே தொனியை முழுப் படத்துக்கும் பூசினால் அது சாயம் போட்ட படமாகத்தான் இருக்கும். குவாட்டோன் ரிப்பில் சூடான வளைவையும் குளிர்ந்த வளைவையும் நிழல், நடு, வெளிச்சம் என்று தனித்தனி விகிதத்தில் கலக்கலாம். அளந்த எண்கள் கையில் இருந்தால் அந்தக் கலவையை ஊகிக்க வேண்டியதில்லை.

ஆனால் மூலப் படத்தின் மேல் கருவியை வைக்கும்போது கை நடுங்க வேண்டும். ஐ-ஒன் ப்ரோவின் அடிப்பாகம் நேரே காகிதத்தில் உட்காரும். பழைய ஜெலட்டின் விரிசல் விட்டிருக்கும். மழைக்காலத்தில் பசையாக இளகியிருக்கும். மழைக்காலத்தில் மூலத்தைத் தொடவே தொடாதீர்கள். உலர்ந்த மாதங்களில், மிக மெல்லிய பாலியெஸ்டர் தாளில் சிறு துளை வெட்டி, அந்தத் துளை வழியாக மட்டும் அளக்கலாம். தடித்த அட்டை வேண்டாம். கருவிக்கும் படத்துக்கும் இடைவெளி கூடினால் எண் மாறும். முகத்தின் மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். ஓரத்து வெள்ளை, பின்னணித் திரைச்சீலை, நாற்காலியின் இருட்டு, இந்த மூன்று இடங்கள் போதும்.

ஜூலை 17

நேற்றையதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பழைய வெள்ளி அச்சுகளின் இருண்ட பகுதியில், குறிப்பாக ஓரங்களில், சாய்த்துப் பார்த்தால் நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பு தெரியும். வெள்ளி மேலே ஏறி வந்து படிந்தது அது. அந்த இடத்தை அளந்தால் வரும் எண் படத்தின் தொனி அல்ல, சேதத்தின் எண். நடுப்பகுதி நிழலைத் தேடி அளங்கள்.

ஜூலை 20

புற ஊதா விஷயத்தை 2ஆம் தேதி தொட்டுவிட்டு விட்டேன். பல மலிவுக் காகிதங்களில் வெண்மையைக் கூட்ட ஒளிரும் பொருள் சேர்க்கிறார்கள். புற ஊதா பட்டால் அது நீலமாக ஒளிரும், கண்ணுக்கு 'பளிச்' வெள்ளை. கருவியில் எம்-1 என்ற அளவு நிலை புற ஊதாவோடு அளக்கும். எம்-2 அதை வெட்டிவிட்டு அளக்கும். ஒரே காகிதத்தை இரண்டிலும் அளந்து பாருங்கள். எம்-1இல் பி எண் தெளிவாக நீலப் பக்கம் போய், எம்-2இல் அப்படிப் போகாவிட்டால் அந்தக் காகிதத்தில் ஒளிரும் பொருள் இருக்கிறது. இந்தச் சோதனைக்காகவே எம்-1, எம்-2 இரண்டும் தரும் கருவி நல்லது.

எந்த நிலையில் அளப்பது? படம் எங்கே தொங்கப் போகிறது என்று கேளுங்கள். நம் வீடுகளில் மறைந்தவர் படம் கூடத்தில் மாலையோடு, எல்.இ.டி. விளக்கின் கீழ் இருக்கும். சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் புற ஊதா அநேகமாக இல்லை. அங்கே எம்-2 எண்தான் உண்மைக்கு அருகில். ஜன்னல் வெளிச்சம் விழும் மண்டபம் என்றால் எம்-1. குழப்பமே வேண்டாம் என்றால் ஒளிரும் பொருள் இல்லாத பருத்திக் காகிதத்துக்குப் போய்விடுங்கள். பல ஆண்டு தொங்க வேண்டிய படத்துக்கு அதுவே நல்லது. ஒளிரும் பொருள் நாளடைவில் மங்கும், காகிதம் மஞ்சளாகும்.

ஆகஸ்ட் 5

"ஸ்கேனரையே கருவியாக்கலாமா?" என்று ஒரு மாணவர் கேட்கிறார். கையில் பணம் இல்லை என்கிறார்.

ஓரளவு முடியும். அளவு தெரிந்த படிப்பட்டை ஒன்று வேண்டும். ஸ்டௌஃபர் நிறுவனத்தின் அளந்து கொடுத்த பட்டை போல. அதையும் உங்கள் பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே தடவையில் ஸ்கேன் செய்யுங்கள். தெரிந்த அடர்த்திக்கு ஸ்கேனர் என்ன எண் தந்தது என்ற கோட்டை வரைந்து, அதிலிருந்து தெரியாததைக் கணக்கிடலாம். நடுச் சாம்பல் வரை நன்றாகவே வரும். இருட்டில் கெடும், ஏனென்றால் பக்கத்து வெள்ளையின் ஒளி கண்ணாடிக்குள் சிதறிக் கருப்பின் மேல் விழுகிறது. கருப்புக் கட்டத்தைச் சுற்றிக் கருப்புக் காகிதத்தால் மறைத்துவிட்டுத் தனியாக ஸ்கேன் செய்தால் வித்தியாசம் தெரியும். தொனியை அளக்க இது உதவாது. படிகளைச் சமன்படுத்த உதவும். படிப்பை முடித்து வேலைக்குப் போகும்வரை அவருக்கு இது போதும்.

ஆகஸ்ட் 6

மாணவருக்கு இன்னொன்று. யாங்கோனில் ஸ்பெக்ட்ரோ வைத்திருப்பவர் யாரிடமாவது உங்கள் பட்டையை ஒரு தடவை அளந்து வாங்குங்கள். அந்த அளந்த பட்டையே இனி உங்கள் ஒப்பீட்டுப் பட்டை. உறையில் போட்டு இருட்டில் வையுங்கள். என்னிடம் கொண்டுவந்தாலும் அளந்து தருகிறேன்.

ஆகஸ்ட் 24

மோல்மேன் தம்பி முதல் எண்களை அனுப்பியிருக்கிறார். கருவி ஆடவில்லை. மேட் பருத்திக் காகிதத்தில் கருப்பு 17க்குச் சற்றுக் கீழே. 21 படிகளும் தலைகீழாகாமல் இறங்குகின்றன. நடுச் சாம்பலில் ஏ எண் -2ஐ ஒட்டி நிற்கிறது. கண்ணுக்குத் தெரிந்த பச்சை அதுதான். எப்சன் முறையிலேயே தொனிச் சக்கரத்தில் மெஜந்தா பக்கம் சிறிது நகர்த்தி, பட்டையை மறுபடி அச்சிட்டு, ஈரம் அமர்ந்தபின் அளக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே தாவலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயல வேண்டாம். காகிதமே ஏ, பி இரண்டிலும் சுத்தப் பூஜ்யம் இல்லை. நடுச் சாம்பலை மட்டும் பூஜ்யமாக்கினால் வெள்ளைக்கும் சாம்பலுக்கும் இடையே சாயல் மாறுவது தெரியும். வெள்ளையிலிருந்து கருப்பு வரை ஏ, பி எண்கள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், குதிக்கக் கூடாது.

பளபளக் காகிதத்திலும் சில படங்கள் போடவா என்று கேட்கிறார். பி-600இல் மேட் கருப்புக்கும் போட்டோ கருப்புக்கும் மாறும் ஒவ்வொரு முறையும் மை வீணாகும். மேட் படங்கள் முழுவதையும் முடித்துவிட்டு ஒரே தடவை மாறுங்கள். பளபளக் காகிதத்துக்குத் தனி வளைவு. மேட்டின் வளைவை அங்கே போட்டால் நிழல் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

அளந்த ஒவ்வொரு பட்டையின் பின்னும் தேதி, காகிதம், எந்த மைக் குப்பி, எம்-1ஆ எம்-2ஆ என்று பென்சிலால் எழுதுங்கள். புதிய குப்பி மாற்றினால் அதே 21 கட்டத்தை அச்சிட்டு அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். எல் மதிப்பில் ஒரு புள்ளிக்குள் நின்றால் வேலையைத் தொடரலாம். அதற்கு மேல் போனால் முனைத் துளை ஏதும் அடைத்திருக்கிறதா என்று நாசில் சோதனைத் தாளைப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் மட்டும் வளைவை மறுபடி செய்யுங்கள்.